கையெழுத்து இல்லாத பாட்டில்

பரிசோதனைக்கூடத்தின் வரவுப் பிரிவில் இருந்தவர் இரண்டாவது பாட்டிலைக் கையில் எடுத்தார். கழுத்தில் நூலால் கட்டி அரக்கு வைத்திருந்த அட்டையை முன்னும் பின்னும் திருப்பினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தவளை, துக்கம் சொல்ல வந்தவர் போல மெதுவாக நிமிர்ந்து பார்த்தார்.

"மேடம், இதுல உங்க கையெழுத்து மட்டுந்தான் இருக்கு."

"நல்லாப் பாருங்க."

"நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்றேன். இந்தச் சன்னல்ல உக்காந்து பதினோரு வருஷம் ஆச்சு. உங்க பாட்டில்ல ஒரு குத்தம் கண்டுபிடிக்கணும்னு ஆசைப்பட்டிருக்கேன். இன்னைக்குக் கண்டுபிடிச்சிட்டேன், சந்தோஷமாவே இல்ல."

அவள் வாங்கிப் பார்த்தாள். எடுத்த இடம், வெளியேற்றுக் குழாயின் வாய். எடுத்த நேரம், பதினொன்று இருபது. எடுத்தவர், அவள். அதற்குக் கீழே "ஆலைப் பொறுப்பாளர், நேரில்" என்ற சொற்களும், அதை அடுத்து வெள்ளை வெளேரென்று ஒரு இடமும். தூக்கிவாரிப்போட்டது. சன்னல் திண்டில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

நாடு முழுவதற்கும் பொதுவான விதி அது. ஆலைக் கழிவுநீரில் மாதிரி எடுத்தால் இரண்டு பாட்டிலில் எடுக்க வேண்டும். ஒன்று பரிசோதனைக்கு, மற்றது, நாளை தகராறு வந்தால் நீதிமன்றம் அனுப்பிப் பார்ப்பதற்கு. இரண்டிலும் இரண்டு பேர் கையெழுத்து, எடுத்த இடத்திலேயே, எடுத்த நேரத்திலேயே. ஒன்றில் ஒன்று குறைந்தாலும் இரண்டு பாட்டிலும் வெறும் தண்ணீர்தான். அரசின் மாசுத் தடுப்பு வேலையில் இருபத்தாறு வருடத்தில் அவள் எடுத்த பாட்டில்களை வரிசையாக வைத்தால் ஊர் எல்லையைத் தாண்டும். ஆலைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயரே "பாட்டில் மேடம்". ஒரு தடவை, ஐஸ் வைத்த நேரத்தைக் குறிக்கவில்லை என்று ஒரு வக்கீல் நாலு வருட வழக்கைப் பத்து நிமிடத்தில் கவிழ்த்தார். அன்றிலிருந்து பதினேழு வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் முடிக்க முடிக்கக் குறியிட்டு வருகிறாள். இன்றைய தாளை எடுத்துப் பார்த்தாள். பதினேழுக்கும் குறி இருந்தது. பதினான்காவதற்கு, அந்தக் கையெழுத்தை வாங்காமலே கை தானாகப் போட்டிருக்கிறது.

எப்படி நடந்தது என்று அவளுக்குத் தெரியும். குழாய்களுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் முலாம் பூசுகிற ஆலை அது. அதன் பின்சுவரில் இருந்து வருகிற குழாய், எதிர்ப்புறத்தில் செடி வளர்த்து விற்கிறவரின் வேலியை ஒட்டி வாய்க்காலில் விழுகிறது. தண்ணீர் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். செடிக்காரர் இதுவரை பதினொரு மனு எழுதியிருக்கிறார், பதினொன்றிலும் முதல் வரி ஒன்றேதான், "என் கிணறு செத்துவிட்டது." இன்று காலையிலும் அவர் சைக்கிளில் நாலு கேன் தொங்கவிட்டுக்கொண்டு, தெருக்குழாயில் பிடித்த தண்ணீரோடு வந்தவர், ஒன்றும் பேசாமல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆலையின் சுத்திகரிப்புத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவரோ, அவளுடைய நாத்தனாரின் கணவர். தொட்டிக்காரர் என்றால்தான் ஆலையில் எல்லோருக்கும் தெரியும். புதிய விதிகள் வந்தபோது, தவறு நடந்தால் பதில் சொல்ல ஒவ்வொரு ஆலையும் ஒரு பொறுப்பாளரின் பெயரைக் கொடுக்க வேண்டும் என்றார்கள். முதலாளி தொட்டிக்காரரின் பெயரைக் கொடுத்துவிட்டார். மாதிரி தேறவில்லை என்றால் முதலாளிக்குத் தாக்கீது போகும். சிறைக்குப் போகக்கூடியவர் தொட்டிக்காரர்.

இதையெல்லாம் அவள் ஒளிக்கவில்லை. சொந்தக்காரர் வேலை செய்கிற இடம், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று மேலதிகாரிக்கு எழுதினாள். மூன்று மாவட்டத்துக்கு மாதிரி எடுப்பவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் முதுகு வலியில் விடுப்பு. "பார்த்தேன். வேறு ஆள் இல்லை. தாங்களே தொடரவும்" என்று பச்சை மையில் பதில் வந்தது.

காலையில் முதல் பாட்டிலுக்குத் தொட்டிக்காரர் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "வெயில்ல நிக்காதீங்கக்கா, முகம் எல்லாம் செவந்துபோச்சு, அந்தப் பக்கம் நிழல் இருக்கு" என்றார். அவர் தேனொழுகப் பேசுகிறவர் அல்ல, தோன்றியதைச் சொன்னார். அவளும் தலையாட்டிவிட்டு ஐஸ்பெட்டியோடு நிழலுக்கு நகர்ந்தாள். இரண்டாவது பாட்டிலை மூடினாள், தன் கையெழுத்தைப் போட்டாள், அரக்கு உருக்கினாள். அவரிடம் மறுபடி பேனாவை நீட்ட வேண்டிய அந்த ஒரு நொடியை மனம் எப்படியோ தாண்டிக் குதித்துவிட்டது.

வரவுப் பிரிவுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் இன்னும் பதிவேட்டுல ஏத்தல மேடம். நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள வந்தா போதும், ஐஸ் தாங்கும். ஆளு உங்க வீட்டு ஆளுதானே? போய் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்க. நான் எதையும் பாக்கல."

"அது பொய்க் கையெழுத்து ஆயிடும்."

"தண்ணி நெசந்தானே?"

தண்ணீர் நிஜம்தான். பாட்டிலின் மஞ்சள் ஐஸ்பெட்டிக்குள்ளே இருந்தும் கண்ணில் குத்தியது.

அலுவலக ஜீப்பை அனுப்பிவிட்டு ஐஸ்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். பெட்டியின் அடியில் இருந்து சில்லிட்ட நீர் கசிந்து முழங்காலை நனைத்தது. பக்கத்துச் சீட்டு அம்மாள், "பெட்டியில மீனா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்று சொல்லிவிட்டாள், விளக்கத் தெம்பில்லை. பாட்டிலைச் செல்லாது என்று எழுதிவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தாள். இருபத்தாறு வருடமாக ஒரு புள்ளி பிசகாதவள், சொந்தக்காரன் பாட்டிலில் மட்டும் கையெழுத்தை மறந்தாளாம். அவளே அடுத்தவரைப் பற்றி இப்படிக் கேள்விப்பட்டால் நம்ப மாட்டாள். நேர்மையாக நடந்தால் திருடி என்பார்கள். திருட்டுத்தனமாக ஒரு கையெழுத்து வாங்கினால் நேர்மையானவள் என்பார்கள். இதை யாரிடம் சொல்லி அழுவது என்று நினைத்தபோது சிரிப்புதான் வந்தது; அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

ஐந்தரை மணி இருக்கும். நாத்தனார் கதவைத் திறந்தவுடன் முகம் மலர்ந்தாள்.

"வாங்க அண்ணி! என்ன, பெட்டியும் கையுமா? அண்ணன்கிட்ட கோவிச்சுக்கிட்டு வந்துட்டீங்களா?"

"உங்க அண்ணன் வாரத்துல ரெண்டு நாள்தான் வீட்டுல இருக்காரு. கோவிச்சுக்கக் கூட ஆள் கிடைக்கல."

"அப்ப ஐஸ்கிரீமா? குடுங்க, உள்ள வைக்கறேன்."

"தொடாதம்மா. வேலைச் சாமான்."

தொட்டிக்காரர் அப்போதுதான் வந்திருந்தார். பின்கட்டில் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நகக்கண்களில் ஏறிய மஞ்சள் போகவே போகாது. ஆனாலும் தினமும் கால்மணி நேரம் தேய்ப்பார் என்று நாத்தனார் சொல்லியிருக்கிறாள். துண்டால் துடைத்தபடி வந்தவர் பெட்டியைப் பார்த்ததும் நின்றார். அவருக்குப் புரிந்துவிட்டது, என்ன என்று புரியவில்லை, ஏதோ ஒன்று என்று புரிந்தது.

"ரெண்டாவதுல நீங்க கையெழுத்துப் போடல தம்பி" என்றாள். "நான் வாங்க மறந்துட்டேன்."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்காரச் சொன்னார். தானும் எதிரில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் துண்டை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார்.

"தொட்டியில போடற மருந்து வந்து அஞ்சு மாசம் ஆகுதுக்கா" என்றார். "கேட்டா, அடுத்த வாரம்ங்கறாரு முதலாளி. தொட்டிக்குள்ள தண்ணி ஒருபக்கம் வருது, மறுபக்கம் போகுது. நடுவுல நான் சும்மா நிக்கறேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அளவு எழுதணும்ல? எழுதறேன். எந்த எண் எழுதினா நல்லா இருக்கும்னு யோசிச்சு யோசிச்சு எழுதறேன். ஒருநாள் ஒரே எண்ண எட்டுத் தடவை எழுதிட்டேன், மேனேஜர் கூப்பிட்டு, கொஞ்சம் ஏத்தி இறக்கி எழுதுய்யா, கண்ணுக்கு நல்லா இருக்கட்டும்னாரு."

"அந்தப் பொறுப்பாளர் படிவத்துல எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

"பதவின்னாங்க. கைதட்டினாங்க. பேரு எழுதின அட்டை குடுத்துச் சட்டையில குத்திவிட்டாங்க." சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார், அங்கே அட்டை இல்லை. "நான் மருந்து கேட்டு எழுதின லெட்டர் எல்லாம் நகல் வச்சிருக்கேன். அது எதுக்கு உதவும்னு தெரியல. அந்தச் செடிக்காரர் தினம் கேன் தூக்கிட்டு என் முன்னாடிதான் போறாரு. நின்னு திட்டினாலும் பரவாயில்ல. வணக்கம் சொல்லிட்டுப் போறாரு." கையை நீட்டினார். "குடுங்கக்கா. போட்டுடறேன். இது எங்கயாவது ஒரு முடிவுக்கு வரட்டும்."

அவள் பெட்டியைத் திறந்தாள். பாட்டிலை எடுத்தபோது ஈரத்தில் அட்டை பாட்டிலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து மேசையில் விரித்தாள். அவர் பேனா மூடியைக் கழற்றினார்.

நாத்தனார் தேநீரோடு வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. தம்ளர்களை அலமாரியின் மேல் வைத்துவிட்டு வந்து, கணவனின் கையில் இருந்த பேனாவைக் குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவது போலப் பக்குவமாக வாங்கினாள்.

"எதுல போடறீங்க? போட்டா என்ன ஆகும்?"

இருவரும் அட்டையைப் பார்த்தார்கள்.

"ஜெயிலா?"

"அப்படியே ஆயிடாது" என்றார் அவர். "கேஸ் நடக்கும். வருஷக்கணக்கா நடக்கும்."

நாத்தனார் அண்ணியின் பக்கம் திரும்பினாள். "நீங்க மறந்தீங்களா அண்ணி? நீங்களா? ஊர்ப் பயணம் போறப்ப பூட்டின பூட்டை நாலு தடவை இழுத்துப் பாக்கற ஆளு நீங்க." அவள் முகம் மெல்ல மாறியது. கண் நிறைந்தது. சட்டென்று குனிந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் புரியுது அண்ணி. வாய்விட்டுச் சொல்ல மாட்டீங்க. எங்களுக்காகத்தானே விட்டீங்க? இவர் ஒரு கூறுகெட்ட மனுஷன், நீங்க கதவைத் திறந்துவிட்டா இவரே உள்ள போய்ப் பூட்டிக்குவாரு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லியிருந்தால், பிறகு எதற்கு இங்கே வந்தீர்கள் என்று நாத்தனார் கேட்டிருப்பாள். அந்தச் சூடான, நனைந்த கைகளுக்குள் தன் கைகள் ஐஸ் போல இருப்பதை அவள் உணர்ந்தாள். இந்த நன்றிக்கு அவள் எந்த விதத்திலும் உரியவள் அல்ல. மேசையில் அட்டை விரிந்து கிடந்தது. குழாயின் வாய், பதினொன்று இருபது, நேரில். இங்கே குழாயும் இல்லை, மணி ஆறாகப் போகிறது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இந்த அட்டையைக் காட்டித்தான் அவள் பாடம் நடத்துவாள்: தண்ணீர் என்ன சொல்கிறது என்பது பரிசோதனைக்கூடத்தின் பாடு, அட்டை பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு.

அட்டையைச் சுற்றி மறுபடியும் பாட்டிலின் கழுத்தோடு சேர்த்தாள்.

"வேணாம் தம்பி" என்றாள். "இங்க போட்டா செல்லாது. செல்லாதுன்னு எழுதிடறேன். நாளைக்குக் காலையில வந்து திரும்ப எடுத்துக்கறேன்."

சொன்ன பிறகுதான் அவளுடைய காதில் அது விழுந்தது. மாதிரி எடுக்க வருகிற நாளை ஆலையில் யாருக்கும் முன்கூட்டித் தெரிவிக்கக் கூடாது. பதினேழு வேலைகளில் அது எழுதப்படவே இல்லை. எழுத வேண்டிய அவசியமே இருந்ததில்லை. மூச்சு விடுவதை யாராவது பட்டியலில் எழுதுவார்களா?

தொட்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. உடனே பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டார். நாத்தனார் மட்டும் எதுவும் தெரியாமல், "ஆறிடப் போகுது, குடிங்க அண்ணி" என்று தம்ளரை எடுத்து நீட்டினாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வெளியூரிலிருந்து கணவர் போன் செய்தார். தங்கை அதற்குள் எல்லாம் சொல்லியிருந்தாள். "உனக்கு இவ்ளோ மனசு இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல" என்றார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் இப்படிக் குரல் கம்மிப் பேசியதில்லை. அவள், "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மேலதிகாரியிடம் போனில் சொன்னாள். கையெழுத்து விடுபட்டதைச் சொன்னாள். மறுநாள் வருவதாக வாய் தவறிச் சொன்னதையும் சொல்லத்தான் தொடங்கினாள். அவர் முதல் பாதியிலேயே பெருமூச்சு விட்டார். "அய்யோ, போனாப் போகுது. நாளைக்கு ஒரு நாள்தான் ஜீப் இருக்கு, அப்புறம் ரெண்டு வாரத்துக்குக் கிடையாது. நாளைக்கே எடுத்துடுங்க. மிச்சத்தை எழுத்துல குடுங்க, படிக்கறேன்."

எழுதினாள். அறிக்கை எழுதுவது அவளுக்குச் சோறு கிளறுவது மாதிரி, கை பாட்டுக்குப் போகும். 1. இரண்டாவது பாட்டிலின் அட்டையில் பொறுப்பாளரின் கையெழுத்தைப் பெறத் தவறிவிட்டேன். 2. இந்தத் தவறு முழுவதும் என்னுடையது. 3. ஆகவே இரண்டு பாட்டில்களையும் செல்லாதவை எனக் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். 4. அதோடு பேனா நின்றது. நாலுக்கு எதிரில் என்ன எழுத வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், வரப்போகிற நாளைச் சொல்லிவிட்டேன் என்று ஒரே ஒரு வரி. அதை எழுதினால் நாளைய மாதிரியும் வீண். செடிக்காரருக்கு இன்னும் இரண்டு வாரம். அவளுடைய வேலைக்கும் ஆபத்து. எழுதாவிட்டால் நாளை வரப்போகிற தண்ணீருக்கு அவளும் உடந்தை. தாளை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஜீப் ஆலையின் பின்புறம் போய் நின்றது. அவள் இறங்கும் முன்பே சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டாள். நேற்று பிசுபிசுவென்று வழிந்த குழாய் இன்று கொட்டுகிறது. தண்ணீர் தெளிந்திருந்தது. தெளிவு என்றால் அப்படி ஒரு தெளிவு, குழாய்க்குக் கீழே கிடந்த கூழாங்கற்களை எண்ணலாம். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆலையின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நேராகத் திருப்பிவிட்டிருக்கிறார்கள்.

தொட்டிக்காரர் சுவரோரம் நின்றிருந்தார். சட்டையில் பெயர் அட்டை குத்தியிருந்தது. இரவு தூங்காத கண்கள்.

"நான் யாருகிட்டயும் சொல்லலக்கா" என்றார் மெல்ல. "வீட்டுல அவதான், முதலாளி வீட்டம்மா... கால்ல விழுந்து, எப்படியாவது மருந்து வாங்கிப் போடச் சொல்லுங்கன்னு கேட்டிருக்கா. நாளைக்கு வராங்கன்னும் சொல்லிட்டா. மருந்து வரல. மோட்டார் வந்திருச்சு."

அவள் தலையசைத்தாள். கோபம் வரும் என்று ஒரு நொடி காத்திருந்து பார்த்தாள். அது வருவதாகத் தெரியவில்லை. பெட்டியைத் திறந்து புதிய பாட்டிலை எடுத்தாள். எடுக்கப் போகிற தண்ணீராலேயே பாட்டிலை மூன்று முறை அலச வேண்டும். முதல் முறை பிடித்து, குலுக்கி, கொட்டினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் சைக்கிள் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. செடிக்காரர் வேலியின் முள்ளை ஒதுக்கிக்கொண்டு, கேன்களோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார். தண்ணீரைக் கையில் ஏந்தி முகர்ந்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். அவருக்குத் திட்டவும் வேண்டியிருந்தது, பிடிக்கவும் வேண்டியிருந்தது. பிடிப்பதுதான் அவசரம் என்று முடிவு செய்துவிட்டார் போல. "ஏய், அண்டாவக் கொண்டா! குடத்தக் கொண்டா! எல்லாத்தையும் கொண்டா!" என்று வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்திவிட்டு, கேனைக் குழாயின் வாய்க்கு நேரே கொண்டுவந்தார். அப்போதுதான் அவளைப் பார்த்தார்.

"மேடம், எனக்குத் தெரியும், இது நடிப்பு. நான் ஒண்ணும் கேக்கல. இது எவ்ளோ நேரம் வரும்? அத மட்டும் சொல்லுங்க."

எவ்வளவு நேரம் வரும் என்று அவளுக்குத் தெரியும். பாட்டிலை மூடி, அரக்கு வைத்து, ஜீப் திருப்பம் தாண்டுகிற வரைக்கும் வரும்.

"நீங்க பிடிங்க" என்றாள்.

இரண்டாம் முறை அலசிக் கொட்டினாள். மூன்றாம் முறை அலசினாள். முதல் கேன் நிறைந்தது; அவர் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு நாற்றுகளுக்கு இடையே ஓடினாள், விளிம்பு கருகிய இலைகள் காலில் உரச. இரண்டாவது கேன் பாதி. சுவருக்கு மேலே மேனேஜரின் தலை எட்டிப்பார்த்துவிட்டு, "இன்னும் எடுக்கலையா?" என்று கேட்டது.

"பாட்டில் சுத்தமா இல்ல" என்று தொட்டிக்காரர் பதில் சொன்னார். சொல்லிவிட்டு, கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, கரையில் கிடந்த அண்டாவை ஒரு பக்கம் பிடித்தார். செடிக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மறுபக்கம் பிடித்தார்.

அவள் நான்காம் முறை பாட்டிலை நீட்டினாள். நிறைத்தாள், குலுக்கினாள், மெதுவாகக் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழும் வரை கவிழ்த்தபடியே பிடித்திருந்தாள். ஐந்தாம் முறை நீட்டினாள்.